பிள்ளையைப் பராமரிக்க வரும் பெண்ணும் ஒரு வீட்டின் பிள்ளையே

அரச சேவையிலுள்ள பெண்களுக்கு முழுச் சம்பளத்துடன் வழங்கப்படும் பிரசவ விடுமுறை 84 வேலை நாட்களாகும். வார இறுதி நாட்களும் அரச விடுமுறை தினங்களும் இக்கணக்கில் சேர்வதில்லை என்பதால் அது ஏறத்தாழ நான்கு மாதங்களாக நீள்கின்றது. அதன் பின்னர் அரைச் சம்பளத்துடன் 84 நாட்களும் சம்பளமின்றி 84 நாட்களும் பெற்றுக்கொள்ள விதிகள் இடமளிக்கின்றன. எனினும் வங்கிக் கடனும் வீட்டுச் செலவும் நெருக்குகின்ற குடும்பங்களில் அந்த இரண்டாம், மூன்றாம் கட்ட விடுமுறைகள் ஏட்டளவில் நின்றுவிடுகின்றன. நான்கு மாதக் குழந்தையை வீட்டில் விட்டு ஆசிரியை பாடசாலைக்கும், தாதி வைத்தியசாலைக்கும், எழுதுவினைஞர் பிரதேச செயலகத்திற்கும் திரும்புகின்றனர். அந்நேரத்தில் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கப் போவது யார் என்ற கேள்வி அக்கரைப்பற்று முதல் கல்முனை வரையுள்ள பல நூறு வீடுகளில் ஒவ்வோர் ஆண்டும் எழுகின்றது. அதற்குக் கிடைக்கின்ற விடைகளையும், அவ்விடைகளில் நாம் கவனிக்கத் தவறுகின்ற ஒன்றையும் இங்கு ஆராய்வது பொருத்தமானதாகும்.

எமது பிரதேசத்தில் இக்கேள்விக்கான விடை நீண்ட காலமாக வீட்டின் அமைப்பிலேயே அடங்கியிருந்தது. கிழக்குக் கரையோரத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைப் பேணி வந்தவர்கள். பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது இங்குள்ள வழக்கம். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 ஆம் ஆண்டளவில் அக்கரைப்பற்றில் தங்கித் தமது களஆய்வை ஆரம்பித்து, பல தசாப்தங்களின் பின்னர் 2008 இல் வெளியிட்ட பெருநூலில் இவ்வமைப்பை விரிவாகப் பதிவு செய்துள்ளார். இவ்வழக்கத்தின் விளைவாகத் தாயும் மக்களும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ வாழ்ந்தனர். உம்மம்மாவும் சாச்சியும், தமிழர் இல்லங்களில் அம்மம்மாவும் சின்னம்மாவும், வேலி தாண்டினால் எட்டும் தூரத்தில் இருந்தனர். குழந்தையைப் பார்க்க வெளியாள் தேவைப்படவில்லை. குழந்தைப் பராமரிப்பு என்ற சொல்லே தேவைப்படவில்லை எனலாம்.

இன்று அந்த அமைப்பு தளர்ந்து வருகின்றது. சாச்சியும் இப்போது ஆசிரியையாகவோ அலுவலராகவோ பணிபுரிகின்றார். காணி குறுகியதால் இளைய மகளின் வீடு வேறொரு குறிச்சியில் அமைகின்றது. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரக் குடும்பங்கள் பல புதிய குடியிருப்புகளுக்கு இடம்பெயர்ந்தன. உம்மம்மாவோ நீரிழிவும் முழங்கால் வலியுமாக இருந்துகொண்டு ஒரே நேரத்தில் மூன்று பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டியவராக இருக்கின்றார். முன்பள்ளிகள் மூன்று வயதின் பின்னரே பிள்ளைகளைச் சேர்க்கின்றன. பிறந்து நான்கு மாதம் முதல் மூன்று வயது வரையான இடைவெளியே இப்போது பெரும் சிக்கலாகியுள்ளது.

இவ்விடைவெளியை நிரப்புவதற்குப் பல குடும்பங்கள் கையாளும் வழி, வறிய வீட்டுப் பெண்ணொருத்தியைக் கொண்டுவந்து தம்முடன் வைத்துக்கொள்வதாகும். சில வேளை அவள் தூரத்து உறவு. சில வேளை இடைத்தரகர் மூலமாக வேறு மாவட்டத்திலிருந்து வருபவள். “எங்கட புள்ள மாதிரித்தான் வெச்சிருக்கம்” என்பதே அவளைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் வாசகம். அந்த வாசகத்தைச் சொல்வோரில் பெரும்பாலோர் மனதார அவ்வாறே எண்ணுகின்றனர் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அவள் எத்தனை மணிக்கு எழுகின்றாள், எத்தனை மணிக்கு உறங்குகின்றாள், மாதத்தில் எத்தனை நாள் ஓய்வு பெறுகின்றாள், அவளது சம்பளம் யாருடைய கைக்குப் போகின்றது, வீட்டுப் பிள்ளைகள் பாடசாலை செல்லும்போது அவள் எங்கு இருக்கின்றாள் என்ற கேள்விகளை எழுப்பினால் அந்த வாசகம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது தெரியவரும்.

மேலைநாடுகளில் இதே தேவைக்கு உருவான ஏற்பாடுகளில் ஒன்று ‘ஓபேர்’ எனப்படுகின்றது. இது ஒரு பிரெஞ்சுச் சொற்றொடர். ‘சமமாக’ அல்லது ‘சரிநிகராக’ என்பது அதன் பொருள். வேறொரு நாட்டைச் சேர்ந்த இளவயதினர் ஒருவர் ஒரு குடும்பத்துடன் குறித்த காலம் தங்கி, அக்குடும்பத்தின் பிள்ளைகளைப் பராமரிப்பதிலும் இலகுவான வீட்டு வேலைகளிலும் உதவுவார். பதிலாக அவருக்கு உணவும் தங்குமிடமும் கைச்செலவுப் பணமும் அந்நாட்டு மொழியைக் கற்கும் வாய்ப்பும் கிடைக்கும். அவர் வேலைக்காரருமல்லர், விருந்தினருமல்லர். குடும்பத்தவர் உண்ணும் மேசையில் சமமாக அமர்ந்து உண்பவர் என்பதே இதன் அடிப்படைக் கருத்தாகும்.

இக்கருத்துக்கு ஒரு சட்ட வடிவத்தை ஐரோப்பியப் பேரவை 1969 நவம்பர் 24 ஆம் திகதி ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் கையொப்பமிடப்பட்ட உடன்படிக்கையின் மூலம் வழங்கியது. அதன் நிபந்தனைகள் எமது கவனத்திற்கு உரியவை. வருபவரின் வயது 17 இற்கும் 30 இற்கும் இடையில் இருக்க வேண்டும். இருதரப்பு உரிமைகளும் கடமைகளும் எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். மருத்துவச் சான்றிதழ் பெறப்பட வேண்டும். இயன்றவரை தனி அறை கொடுக்கப்பட வேண்டும். பொதுவாக நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பணி கூடாது. வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு வேண்டும். மொழி வகுப்புக்கும் சமய வழிபாட்டுக்கும் நேரம் ஒதுக்கப்பட வேண்டும். இவ்வுடன்படிக்கையை ஏற்று உறுதிப்படுத்திய நாடுகள் சிலவே என்றாலும், பல நாடுகளின் விதிகளுக்கு அது முன்மாதிரியாக அமைந்தது.

அமெரிக்காவில் இத்திட்டம் 1986 இல் ஆரம்பமானது. அங்குள்ள விதிகளின்படி 18 வயதுக்கும் 26 வயதுக்கும் இடைப்பட்டோரே இதில் சேரலாம். வாரத்திற்கு 45 மணித்தியாலம், நாளொன்றுக்கு 10 மணித்தியாலம் என்பதே பணியின் உச்ச எல்லை. குழந்தைப் பாதுகாப்பு, குழந்தை வளர்ச்சி ஆகியவற்றில் 32 மணித்தியாலப் பயிற்சி பெற்ற பின்னரே ஒருவர் குடும்பத்துடன் சேர்க்கப்படுகின்றார். மூன்று மாதத்திற்குக் குறைந்த குழந்தையுள்ள வீட்டில் பெற்றாரோ பொறுப்பான வேறொரு வளர்ந்தவரோ உடனிருக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பார்ப்பதற்குக் குறைந்தது 200 மணித்தியாலம் கைக்குழந்தைகளைப் பராமரித்த அனுபவம் சான்றுடன் காட்டப்பட வேண்டும். கைக்குழந்தையை அனுபவமற்ற கையில் ஒப்படைப்பது இரு தரப்புக்கும் ஆபத்தானது என்ற உணர்வு இவ்விதிகளில் வெளிப்படுகின்றது.

அதேவேளை ஓபேர் முறை குறைகளற்றது எனக் கொள்ளவும் கூடாது. ‘சமமானவர்’, ‘குடும்பத்தில் ஒருவர்’ என்ற சொற்களே நாளடைவில் குறைந்த கூலிக்கு முழுநேர வேலை வாங்குவதற்கான திரையாகப் பல இடங்களில் மாறின. கூலியைக் ‘கைச்செலவுப் பணம்’ என்று அழைத்தால் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தைப் பேச வேண்டியதில்லை. தொழிலைக் ‘கலாசாரப் பரிமாற்றம்’ என்று அழைத்தால் தொழிலாளர் உரிமையைப் பேச வேண்டியதில்லை. நோர்வே நாட்டிற்கு இத்திட்டத்தின் கீழ் வந்தோரில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் பெண்களாக இருந்தனர். இது மலிவு வீட்டுப்பணியாகிவிட்டது என்ற நீண்ட விவாதத்தின் பின்னர் 2024 இல் நோர்வே அத்திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. உறவுச் சொல்லொன்று உரிமைக்குப் பதிலீடாகும்போது நேர்வது ஒஸ்லோவிலும் அக்கரைப்பற்றிலும் ஒன்றுதான் என்பதை இது உணர்த்துகின்றது.

இந்த இடத்தில் மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கை நினைவுகூராமல் எவரும் கடந்து செல்ல முடியாது. 1988 பெப்ரவரியில் பிறந்த அவர், 1982 இல் பிறந்தவராகக் காட்டிய கடவுச்சீட்டுடன் 2005 மே மாதத்தில் சவூதி அரேபியா சென்றார். அப்போது அவருக்கு வயது 17. வீட்டுப் பணிக்கென அழைக்கப்பட்ட அவரிடம் தவாத்மி நகரில் நான்கு மாதக் கைக்குழந்தையொன்றைப் பராமரிக்கும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் அக்குழந்தை அவரது பராமரிப்பில் இருந்தபோது உயிரிழந்தது. பால் புரையேறியதே காரணம் என்று அவர் கூறினார். 2007 ஜூனில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. உலகெங்குமிருந்து எழுந்த வேண்டுகோள்களுக்கு மத்தியிலும் 2013 ஜனவரி 9 ஆம் திகதி அத்தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அவ்வழக்கின் நீதி முறைமை குறித்துப் பலரும் எழுதியுள்ளனர். விசாரணையின் தொடக்கத்தில் அவருக்குச் சட்டத்தரணி இருக்கவில்லை என்பதும், மொழிபெயர்ப்பின் தரம் கேள்விக்குள்ளானதும் அறியப்பட்டவையே. ஆனால் குழந்தைப் பராமரிப்பு என்ற கோணத்தில் அவ்வழக்குச் சொல்லும் பாடம் போதியளவு பேசப்படவில்லை. பதினேழு வயதுப் பெண்ணொருத்தியிடம், அவளுக்குத் தெரியாத வீட்டில், தெரியாத மொழியில், எப்பயிற்சியுமின்றி நான்கு மாதக் குழந்தை ஒப்படைக்கப்பட்டது. ஒரு தாய் தன் குழந்தையை இழந்தாள். இன்னொரு தாயும் தன் குழந்தையை இழந்தாள். அதே நான்கு மாத வயதில்தான் எமது வீடுகளிலும் குழந்தைகள் வேறு கைகளுக்கு மாறுகின்றன.

அதன் பின்னர் அரசு சில நடவடிக்கைகளை எடுத்தது. வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி செல்வதற்கான ஆகக்குறைந்த வயது 2013 இல் 25 ஆக உயர்த்தப்பட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையுடைய தாய்மாரைத் தடுக்கும் வகையில் குடும்பப் பின்னணி அறிக்கை நடைமுறைக்கு வந்தது. பொருளாதார நெருக்கடி சூழ்ந்த 2022 இல் இவ்விதிகள் தளர்த்தப்பட்டன. போவோரின் வயதைப் பற்றியும், அவர்கள் விட்டுச்செல்லும் பிள்ளைகளைப் பற்றியும் நாடு இவ்வாறு விவாதித்தது. நாட்டுக்குள்ளேயே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போகும் பெண்ணைப் பற்றிய விவாதம் அந்தளவுக்கு எழவில்லை.

உள்நாட்டில் நிலைமை என்ன? வீட்டுப் பணியாளர்களைப் பற்றி எமது சட்டப் புத்தகத்திலுள்ள பழைய ஏற்பாடு, 1871 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க வீட்டுப் பணியாளர் பதிவுக் கட்டளைச் சட்டமாகும். வெள்ளைக்கார எசமானர் தம் பணியாளரைக் கண்காணிப்பதற்காக இயற்றப்பட்ட அச்சட்டத்தில் பணியாளரின் ஓய்வைப் பற்றியோ மாண்பைப் பற்றியோ எதிர்பார்ப்பதற்கு எதுவுமில்லை. ஏனைய தொழிலாளருக்குக் கிடைத்த சம்பளச் சபைகளின் காப்பும் ஊழியர் சேமலாப நிதியும் தனியார் வீட்டில் பணிபுரிவோரை நீண்ட காலமாக எட்டாமலேயே இருந்து வந்துள்ளன. சிறுவர் விடயத்தில் மாத்திரம் ஓரளவு முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது. கட்டாயக் கல்விக்கான வயதெல்லை 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயதும் 2021 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் 14 இலிருந்து 16 ஆக்கப்பட்டது.

அதே 2021 இல்தான் மலையகத்தின் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமியொருத்தி, தான் பணிபுரிந்த கொழும்பு வீட்டிலிருந்து எரிகாயங்களுடன் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டு ஜூலை மாதத்தில் உயிரிழந்தாள். தோட்டக் குடியிருப்புகளிலிருந்து சிறுமிகள் நகரத்து வீடுகளுக்கு அனுப்பப்படுவதை அன்றுதான் நாடு முதன்முறையாக அறிந்தது போல நடந்துகொண்டது. உண்மையில் அது தலைமுறை தலைமுறையாக எல்லோரும் அறிந்த விடயமே. தமிழர் வீடு, முஸ்லிம் வீடு, சிங்களவர் வீடு என்ற வேறுபாடும் அதில் இருந்ததில்லை.

எமது மரபுகள் இவ்விடயத்தில் மௌனமாக இருக்கவில்லை. சங்க இலக்கியத்தில் செவிலித்தாய் பேச உரிமையுள்ள ஒரு பாத்திரம். தலைவியின் உயிர்த்தோழி அச்செவிலியின் மகளே என்று தொல்காப்பியம் வகுக்கின்றது. பிள்ளை வளர்த்தவளுக்கும் அவளது மகளுக்கும் அந்த இலக்கியம் குரல் கொடுத்திருக்கின்றது. இஸ்லாமிய மரபில் இதன் இடம் இன்னும் உயர்ந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பாலூட்டி வளர்த்த ஹலீமா ஸஃதிய்யா அவர்கள் தாயின் மதிப்புடன் நினைக்கப்படுகின்றார். செவிலித்தாயைக் கொண்டு பாலூட்ட விரும்பும் பெற்றார் அதற்குரியதை முறைப்படி கொடுக்க வேண்டும் என்பதை சூறத்துல் பகராவின் 233 ஆவது வசனம் உணர்த்துகின்றது. அன்பு இருக்கின்றது என்பதால் ஊதியம் தவிர்க்கப்படவில்லை என்பது இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு பணிக்கும் 282 ஆவது வசனமும் அதே அத்தியாயத்திலேயே உள்ளது. கடனுக்கு எழுத்தும் சாட்சியும் தேடுகின்ற நாம், பெற்ற பிள்ளையை ஒப்படைக்கும்போது ஒரு துண்டுக் காகிதமும் எழுதுவதில்லை.

ஆகவே வீட்டோடு ஒருவரை வைத்துப் பிள்ளையைப் பராமரிக்க எண்ணும் குடும்பங்கள் சில நிபந்தனைகளைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது வயது. கைக்குழந்தையைப் பொறுத்தவரை 18 வயதுக்குக் குறைந்தவரை அமர்த்துவதில்லை என்பதை ஒவ்வொரு வீடும் முடிவாகக் கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழைப் பார்க்காமல், வாய்ச்சொல்லை நம்பி எவரையும் ஏற்கக்கூடாது. ரிஸானாவின் வரலாறு ஒரு போலி வயதில்தான் ஆரம்பமானது.

இரண்டாவது எழுத்து. சம்பளம் எவ்வளவு, எத்திகதியில், யாருடைய கையில் கொடுக்கப்படும், பணி எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடியும், எவை அவளது வேலை, எவை அல்ல என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளலாம். பிள்ளை பார்க்க வந்தவளே ஆட்டுக்கல்லுக்கும் வளவு கூட்டுவதற்கும் இரவு விருந்தாளிகளுக்கும் பொறுப்பானால், பிள்ளை யாருடைய கண்ணிலும் இல்லாத நேரங்கள் உருவாகும். வேலைச்சுமை குழந்தையின் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையது.

மூன்றாவது ஓய்வும் தனிமையும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011 ஜூனில் நிறைவேற்றிய 189 ஆம் இலக்கச் சமவாயம் வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணித்தியால ஓய்வு வேண்டும் என்கின்றது. உள்ளிருந்து பூட்டக்கூடிய ஓர் அறை அவளுக்கு இருக்க வேண்டும். மஹ்ரமல்லாத ஆண்கள் நடமாடும் வீட்டில் வளர்ந்த பெண்ணொருத்தி குசினி மூலையிலோ விறாந்தையிலோ உறங்குவதை மார்க்கமும் மனிதப் பண்பும் அனுமதிக்கமாட்டா. கைத்தொலைபேசியும், நினைத்தபோது தாயுடன் பேசும் உரிமையும் அவளிடமே இருக்க வேண்டும்.

நான்காவது சமயம். முஸ்லிம் வீட்டில் தமிழ்ப் பெண்ணும், தமிழர் வீட்டில் முஸ்லிம் பெண்ணும் பணிபுரியக்கூடிய ஊர் இது. ஆலையடிவேம்பும் அக்கரைப்பற்றும் ஒரே வீதியின் இரு பக்கங்களாக இருக்கும் ஊர். அவளது வழிபாடு, உணவு, விரதம் அல்லது நோன்பு, பொங்கலுக்கும் பெருநாளுக்கும் வீடு செல்லும் விடுமுறை ஆகியவை கேட்டுப் பெறும் சலுகைகளாக அல்லாமல் முன்கூட்டியே எழுதப்பட்டவையாக இருக்கட்டும்.

ஐந்தாவது பயிற்சி. பால் கொடுத்த பின் குழந்தையைத் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்வது, மல்லாக்கப் படுக்க வைத்து உறங்கச் செய்வது, புரையேறினால் செய்ய வேண்டியது, காய்ச்சலுக்கும் வலிப்புக்கும் உடனே யாரை அழைப்பது ஆகியவற்றை அறியாத ஒருவரிடம் குழந்தையை விடக்கூடாது. எமது நாட்டில் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் வீடு தேடி வருகின்றார். அவர் வரும் நாளில் தாயுடன் அப்பெண்ணையும் அமர வைத்து விளங்கப்படுத்துமாறு கேட்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. தாய் வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்னரே அவளை வரவழைத்துத் தன் கண்முன்னே பழக்கிக்கொள்வதும் அவசியம். கல்வியைத் தொடர விரும்புபவளுக்குத் தையல், கணனி வகுப்பு அல்லது மீண்டும் பரீட்சைக்குத் தோற்றும் வாய்ப்பு ஆகியவற்றில் ஒன்றையாவது வழங்கினால், ஓபேர் முறையின் நல்ல பகுதி எம்மிடமும் வந்து சேரும்.

இவற்றையெல்லாம் செய்ய இயலாத குடும்பம் வீட்டோடு ஒருவரை வைத்துக்கொள்வதைத் தவிர்ப்பதே நேர்மையானது. அதற்கு மாற்று வழிகள் உண்டு. அயலிலுள்ள அனுபவம் வாய்ந்த பெண்ணொருவர் காலையில் வந்து மாலையில் தன் வீடு திரும்பும் ஏற்பாடு பல வகையில் பாதுகாப்பானது. அவளுக்குத் தன் வீடு இருக்கின்றது, கேட்பதற்கு ஆட்கள் இருக்கின்றனர். உம்மம்மா உடனிருக்க, அவருக்குத் துணையாக ஒருவரை அமர்த்தினால் முதியவரின் சுமையும் குறையும், இளையவளுக்கு வழிகாட்டலும் கிடைக்கும். எமது தாய்வழி வளவு முறைக்கு மிகப் பொருந்திய ஏற்பாடு இதுவே என்று கருதுகின்றோம்.

இவற்றுக்கும் அப்பால், இதனைத் தனித்தனிக் குடும்பங்களின் தலையில் மாத்திரம் சுமத்திவிட முடியாது. பெண் ஊழியர்கள் பெருமளவில் பணியாற்றும் வைத்தியசாலைகளுக்கும் பாடசாலைக் கொத்தணிகளுக்கும் அருகில் மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பகல் பராமரிப்பு நிலையங்களை அமைப்பதில் உள்ளூராட்சி மன்றங்களும் பிரதேச செயலகங்களும் முன்னிற்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் தமது கட்டடங்களையும் நிதியையும் இதற்குப் பயன்படுத்தலாம். சிறுமியொருத்தி வேலைக்கு வைக்கப்பட்டிருப்பதை அறிந்தவர்கள் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்திற்கு அறிவிப்பது கோள் சொல்வதாகாது.

எமது ஊர்களின் பெண்கள் பல தசாப்தங்களாகக் குவைத்திலும் கட்டாரிலும் சவூதியிலும் பிறர் பிள்ளைகளை வளர்த்து வருகின்றனர். அவர்களுக்கு ஓய்வு கொடு, சம்பளத்தை உரிய நாளில் கொடு, கடவுச்சீட்டைப் பறிக்காதே, அறைக்குள் பூட்டாதே என்று அந்நாடுகளிடம் நாம் கோருகின்றோம். அக்கோரிக்கை நியாயமானது. அதே கோரிக்கையை எமது வீட்டுப் படலைக்குள்ளும் முழுமையாக ஏற்றுக்கொள்ளும்போதுதான் அதற்கு வலுவுண்டாகும். எமது குழந்தையைத் தூக்கியிருக்கும் கைகள் களைத்தவையாகவோ அஞ்சியவையாகவோ இருக்கும்வரை எமது குழந்தையும் பாதுகாப்பாக இல்லை.